வாசலை மறித்து நின்றவர்

"தீயணைப்புப் பணியில் உயிர் காப்பது வீரரின் துணிச்சலா? தலைமையின் தெளிவா?" இது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய தம்பி துணிச்சலுக்காக என்ன முழக்கம் முழங்கினார்! அவர் பேசின வேகத்துக்கு இந்த மைக்கில் புகை வராதது நம்ம புண்ணியம். (சிரிப்பு)

தம்பி ஒரு கேள்வி கேட்டார். "வருஷா வருஷம் ஏப்ரல் 14-ஆம் தேதி தீத்தொண்டு நாள் என்று அனுசரிக்கிறோமே, அது எதற்கு? துணிச்சலுக்குத்தானே?" என்றார். நல்ல கேள்வி ஐயா. அந்த நாளையே எடுத்துக்கொள்வோம்.

1944. போர்க்காலம். பம்பாய் விக்டோரியா துறையில் 'ஃபோர்ட் ஸ்டிக்கைன்' என்று ஒரு கப்பல் நிற்கிறது. உள்ளே ஏறக்குறைய 1,400 டன் வெடிபொருள். அதோடு கராச்சியில் ஏற்றிய பஞ்சுப் பொதிகள் ஆயிரக்கணக்கில். பஞ்சையும் நெருப்பையும் பக்கத்தில் வைக்காதே என்று நம்ம பாட்டிமார் வேற எதுக்கோ சொல்லுவாங்க. (சிரிப்பு) இவர்கள் பஞ்சையும் வெடிமருந்தையும் ஒரே கப்பலில் வைத்தார்கள்! போதாததற்குத் தங்கக் கட்டிகள் வேறு.

மத்தியானம் பஞ்சில் புகை வந்துவிட்டது. தீயணைப்பு வண்டிகள் வந்தன. வீரர்கள் கப்பலின் மேல்தளத்திலேயே நின்றுகொண்டு உள்ளே தண்ணீரைப் பாய்ச்சினார்கள். காலுக்குக் கீழே வெடிமருந்து! தம்பி சொன்ன துணிச்சல் இதுதான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கரையில் என்ன நடந்தது தெரியுமா?

கப்பல் கேப்டன் ஒருவர் இருந்தார். துறைமுக அதிகாரி இருந்தார். வெடிமருந்து தெரிந்த ராணுவ அதிகாரி இருந்தார். தீயணைப்புத் தலைவரும் இருந்தார். கப்பலை அங்கேயே மூழ்கடிப்பதா? இழுத்துக்கொண்டு கடலுக்குப் போவதா? தண்ணீரை அடித்துக்கொண்டே இருப்பதா? ஆளுக்கொரு பக்கம் பேச்சு. இவர் சொன்னால் அவர் கேட்கணும் என்று ஒரு கட்டாயம் கிடையாது. ஏறக்குறைய இரண்டு மணி நேரம்! 'பல பேர் சேர்ந்தா பாம்பு சாகாது'ன்னு நம்ம ஊர்ல சும்மாவா சொன்னாங்க? துறைமுகத்தில் மற்றவர்களுக்கு ஆபத்து என்று காட்டுகிற சிவப்புக் கொடிகூட அந்தக் கப்பலில் பறக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் பாட்டுக்கு வேலை பார்த்தார்கள்.

மாலை 4 மணி 6 நிமிடம். வெடித்தது. சிம்லாவில் இருந்த நிலநடுக்கமானி அதைப் பதிவு செய்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரத்துக்குள் இன்னொரு வெடிப்பு. செத்தவர்கள் நூற்றுக்கணக்கில். தெய்வம் கொடுத்தா கூரையைப் பிச்சுக்கிட்டு கொடுக்கும்பாங்க. அன்றைக்கு ஒரு வீட்டில் நிஜமாகவே தங்கக் கட்டி கூரையைப் பிய்த்துக்கொண்டு வந்து விழுந்தது. யாருக்கு வேணும் அந்தத் தங்கம்?

தீயணைப்பு வீரர்கள் மட்டும் 66 பேர் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு நா எழாது. நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான் தம்பி: அந்த 66 பேரிடம் துணிச்சலில் ஏதாவது குறை இருந்ததா? இல்லையே! பிறகு எது குறைந்தது? "எல்லோரும் இறங்குங்கள்" என்று சொல்ல அதிகாரம் உள்ள ஒரு வாய் குறைந்தது. (கைதட்டல்)

இன்னொரு ஊருக்குப் போவோம். அமெரிக்காவில் வூஸ்டர் என்ற நகரம். 1999 டிசம்பர் 3. மூடிக்கிடந்த பழைய குளிர்பதனக் கிடங்கில் தீ. பெரிய கட்டடம், ஜன்னல் என்பதே அபூர்வம். வீடில்லாதவர்கள் உள்ளே தங்குவார்கள் என்று கேள்விப்பட்டு, தேடிப் போன வீரர்கள் இரண்டு பேர் புகையில் வழி தவறிவிட்டார்கள். முதுகில் இருக்கிற காற்று தீர்ந்துகொண்டிருக்கிறது. வயர்லெஸ்ஸில் உதவி கேட்கிறார்கள். அவர்களைத் தேடிப் போனவர்களில் நாலு பேர் திரும்பவில்லை. ஆக ஆறு பேர். வெளியே நிற்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? கூடச் சாப்பிட்டவன், கூடப் படுத்துத் தூங்கினவன் உள்ளே கிடக்கிறான். நான் போறேன், நீ போறேன்னு முண்டுகிறார்கள்.

அப்போது மைக் மெக்னமி என்கிற அதிகாரி, வாசலை மறித்து நின்றுகொண்டு, இனி ஒருவரும் உள்ளே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். உள்ளே கிடப்பவர்கள் அவருடைய ஆட்கள் ஐயா! உள்ளே ஓடுவதற்கு ஒரு நிமிஷத் துணிச்சல் போதும். அந்த வாசலில் நிற்பதற்கு எவ்வளவு வேண்டும்? அன்று இரவு பல வீடுகளில் அப்பா திரும்பி வந்தார் என்றால் அதற்கு அந்த வாசல்தான் காரணம். தேடிப் போன ஆட்களோ, தீ பிடித்ததுமே வெளியே போய்விட்டிருந்தார்கள். அது பிறகுதான் தெரிந்தது.

எதிரணியில் சகோதரி, "தலைவர் வெளியே நின்று அதட்டுவார், வீரன் உள்ளே வேகுவான்" என்று கண்ணைக் கசக்கினார். அம்மா, அதட்டுவதா தலைமை? வெளியே ஒருவர் கையில் பலகையோடு நிற்பார். யார் உள்ளே போனார், எத்தனை மணிக்குப் போனார், சிலிண்டரில் எவ்வளவு காற்று, எப்போது தீரும் என்று எழுதிக்கொண்டே இருப்பார். பார்த்தால் ரேஷன் கடையில் கணக்கு எழுதுகிற மாதிரி இருக்கும். சினிமாவில் அவருக்கு ஒரு சீன்கூடக் கிடையாது. (சிரிப்பு) ஆனா உள்ளே இருக்கிறவன் உயிர் அந்தப் பலகையில் இருக்கு.

அதைவிட முக்கியம் இன்னொன்று. நேற்று வேலையில் சேர்ந்த பையன், "ஐயா, மேல்தளம் தொய்யுது, வெளியே வந்துடலாம்" என்று சொல்ல முடிகிறதா? சொன்னால் "பயந்தாங்கொள்ளி" என்று நிலையத்தில் நாலு பேர் கேலி பண்ணுவார்களா? கேலி பண்ணுகிற இடமாக இருந்தால் அடுத்த தடவை அவன் வாயைத் திறக்க மாட்டான். மேல்தளம் விழுந்த பிறகு மாலை வாங்கிக்கொண்டு போவோம், துணிச்சல் துணிச்சல் என்று பேசுவோம். அந்தப் பையன் வாயைத் திறக்கும்படி நிலையத்தை வைத்திருப்பது யார் வேலை? தீ பிடித்த அன்றைக்கு உட்கார்ந்து செய்ய முடியுமா? தினமும் காலையில் அணிவகுப்பில், டீ குடிக்கிற இடத்தில் தலைவர் செய்ய வேண்டிய வேலை அது.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா. மணி அடித்ததும் வெளியே வந்துவிட வேண்டும் என்று சொல்கிற அணி எங்கள் அணி. அமர்கிறேன். (கைதட்டல்)