சுடுநீரும் சிக்கனமும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)





இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டுச் சிலர் சிரிக்கக்கூடும். வெயில் கொளுத்தும் கல்முனைக் கரையிலே வெந்நீரைப் பற்றி ஒரு பேச்சா என்பீர்கள். சித்திரையிலும் வைகாசியிலும் கேட்டால் அது நியாயமான கேள்விதான். ஆனால் கார்த்திகை பிறந்து, வாடைக்காற்று வீசத் தொடங்கி, மழை விடாமல் பெய்யும் ஒரு மார்கழி விடியலிலே குழாயைத் திறந்து பாருங்கள். திருவெம்பாவைப் பூசைக்கு எழுகின்ற பாட்டிக்கும், அதே வேளையிலே சுபஹுத் தொழுகைக்கு ஒளூச் செய்ய எழுகின்ற அயல்வீட்டு முதியவருக்கும் அந்த நீரின் குளிர் ஒன்றுதான். பிள்ளை பெற்ற தாய்க்கும், பச்சைக் குழந்தைக்கும், மூட்டுவலிக்காரருக்கும் சுடுநீர் ஆடம்பரம் அன்று, தேவை.

முன்பெல்லாம் இதற்கு ஒரு செலவும் இருக்கவில்லை. வீட்டின் பின்புறத்தில் மூன்று கல் அடுப்பு இருந்தது. பொச்சுமட்டையும் சிரட்டையும் காய்ந்த ஓலையும் வளவிலேயே கிடந்தன. ஒரு பானை நீரை ஏற்றி, வேண்டிய இலைகுழைகளை இட்டு அவித்தால் காரியம் முடிந்தது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி கடல் எழுந்து வந்தபின் அந்த வாழ்வு மாறிற்று. கரையிலே வளவும் கிணறுமாய் வாழ்ந்த பல குடும்பங்கள் தொடர்மாடி வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. மூன்றாம் மாடியிலே பொச்சுமட்டை எரிக்க முடியுமா? ஆகவே அடுப்பின் வேலை மின்சாரத்தின் கைக்கு வந்தது. அதனோடு மாதந்தோறும் ஒரு பட்டியலும் வந்தது.

அந்தப் பட்டியல் எப்படி ஏறிற்று என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2022ஆம் ஆண்டு மார்ச் முடிவிலே நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை இருளில் இருந்தோம். அதே ஆண்டு ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக நூற்றுக்கு 75 வீதம் உயர்ந்தது. 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம் உயர்ந்தது.

அந்நாளிலே எமது வீட்டில் நடந்த ஒரு காரியத்தை வெட்கத்தோடு சொல்லுகின்றோம். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டிலே நாம் சத்தமிட்டோம். எவரையும் பெயர் சொல்லி ஏசவில்லை. ஆனால் எமது அம்மம்மா அதைக் கேட்டுவிட்டார். மறுநாள் தொடக்கம் அவர் வெந்நீர் கேட்கவில்லை. "இப்போது குளிரில்லை, மகன்" என்றார். இருமல் நெஞ்சிலே இறங்கிய பிறகுதான், அவர் விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்து வந்தது எமக்குத் தெரிந்தது. அதன்பிறகே நாம் காகிதமும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் பார்த்தோம். முன்னரே பார்த்திருக்க வேண்டும்.

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வாக்கு. அளக்காமல் செய்யும் சிக்கனம் யாராவது ஒரு ஏழையின் தலையிலே, அல்லது ஒரு முதியவரின் தலையிலே போய் விழும். ஆகையால் அளப்போம். நம் அயலூராகிய காரைதீவிலே 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் துறவு பூணுமுன் விஞ்ஞான ஆசிரியராக இருந்தவர். விஞ்ஞானத்தைத் தமிழிலே பேச வேண்டும் என்று கலைச்சொல் ஆக்கத்துக்கு உழைத்தவர். அவர் பிறந்த ஊருக்கு அண்மையில் நின்று சிறிது கணக்குப் பேசுவதற்கு நாம் தயங்க வேண்டியதில்லை.

நினைவில் வைக்க வேண்டிய எண் ஒன்றே ஒன்று. ஒரு யூனிற் மின்சாரம் 860 லீற்றர் நீரை ஒரு பாகை சூடாக்கும். மற்றவை யாவும் இதிலிருந்தே வரும். குழாய் நீர் 27 பாகை என்றும், குளிக்க 40 பாகை போதும் என்றும் கொள்வோம். ஏற்ற வேண்டியது 13 பாகை. ஒரு வாளி 15 லீற்றர். பதினைந்தைப் பதின்மூன்றால் பெருக்கினால் 195. அதை 860ஆல் வகுத்தால் ஏறத்தாழக் கால் யூனிற்றுக்குச் சற்றுக் குறைவு. ஆக, அம்மம்மாவின் ஒரு வாளி வெந்நீர் மாதம் முழுவதற்கும் 7 யூனிற்.

இனிக் குளியலறைச் சுவரிலே பொருத்தும் ஹீற்றரைப் பாருங்கள். 3500 வாற் ஹீற்றர் பத்து நிமிடம் ஓடினால் அரை யூனிற்றுக்கு மேலே செலவாகும். வாளிக் கணக்கிலே அது இரண்டரை வாளி. பாட்டுப் பாடிக்கொண்டு பத்து நிமிடம் நிற்கின்ற இரண்டு இளைஞர்கள் மாதத்தில் 35 யூனிற் எடுத்துவிடுகின்றார்கள். எமது வீட்டில் அந்த இருவர் யார் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. குளிரில் நடுங்கியது 7 யூனிற். குற்றம் செய்தது 35 யூனிற்.

இதற்கு மேலும் ஒரு காரியம் உண்டு. நம் நாட்டு வீட்டு மின்கட்டணம் ஏணிப்படி போன்றது. 2023 பெப்ரவரிக் கட்டணத்தையே உதாரணமாகக் கொள்வோம். 30 நாளில் 30 யூனிற்றைத் தாண்டி 60 யூனிற்றுக்குள் நின்ற வீட்டுக்கு முதல் 30 யூனிற் 30 ரூபாய் வீதமும், அடுத்த 30 யூனிற் 37 ரூபாய் வீதமும், நிலையான கட்டணம் 550 ரூபாயும். 60ஐத் தாண்டினாலோ, முதல் யூனிற் தொடக்கமே 42 ரூபாய். நிலையான கட்டணம் 650. அதாவது 60 யூனிற்றுக்கு 2560 ரூபாய். 61 யூனிற்றுக்கு 3212 ரூபாய். அந்த ஒரு யூனிற்றின் விலை 652 ரூபாய்! 90ஐத் தாண்டினால் நிலையான கட்டணமே 1500 ஆயிற்று.

ஒரு வீட்டின் ஏனைய செலவு 50 யூனிற் என்று வைப்போம். அதனோடு 7உம் 35உம் சேர்ந்தால் 92; பட்டியல் 5380 ரூபாய். இளைஞர் இருவரும் பச்சைத் தண்ணீரில் குளித்து, அம்மம்மாவின் 7 யூனிற்றை அப்படியே விட்டால் 57. பட்டியல் 2449 ரூபாய். வெந்நீரை நிறுத்தாமலே, அதற்கு உரியவருக்கு மட்டும் கொடுத்ததனால் பட்டியல் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. தொகைகள் பின்னர் பலமுறை ஏறியும் இறங்கியும் மாறிவிட்டன. ஆகவே உங்கள் கையிலுள்ள பட்டியலைப் பார்த்து, உங்கள் வீடு எந்தப் படியின் விளிம்பில் நிற்கின்றது என்று கண்டுகொள்ளுங்கள்.

இனிச் செய்யத்தக்கவை சில.

முதலாவது, வெயில். மாடியின் மேலே நிற்கும் கறுப்புத் தாங்கியில் வெயில் நாட்களிலே பிற்பகல் நீர் தானாகவே சூடேறியிருக்கும். முதியோரையும் குழந்தைகளையும் அந்நேரத்தில் குளிக்கவைத்தால் மின்சாரமே வேண்டியதில்லை. பல்கனியில் வெயில் படுமானால் கறுப்பு வாளியில் நீரை வைக்கலாம். ஆனால் மூடி வையுங்கள். சூடும் நிற்கும், டெங்கு நுளம்பும் முட்டையிடாது. 34 பாகைக்கு வந்துவிட்ட நீரை 40க்கு ஏற்றப் பாதிச் செலவுகூட ஆகாது.

இரண்டாவது, கேத்தல். ஏறத்தாழ இரண்டே முக்கால் லீற்றர் கொதிநீரைக் குளிர்ந்த நீரோடு கலந்தால் ஒரு வாளி இதமான நீர் கிடைக்கும். அளவு கையிலே இருப்பதால் வீணாகாது. வாளியில் முதலில் குளிர்ந்த நீரையும் பிறகே கொதிநீரையும் ஊற்றுங்கள். அவ்வேளையில் குழந்தைகளை அண்ட விடாதீர்கள். தேநீருக்கு இரண்டு கோப்பை வேண்டுமானால் இரண்டு கோப்பை நீரையே கொதிக்க வையுங்கள். மிஞ்சியதைச் சுடுதண்ணீர்ப் போத்தலில் ஊற்றுங்கள்.

மூன்றாவது, தாங்கியோடு கூடிய ஹீற்றர் வைத்திருப்போர் அதை நாள் முழுவதும் எரிய விட வேண்டாம். 15 லீற்றர் நீரை 60 பாகைக்கு ஏற்ற 2000 வாற் ஹீற்றருக்குப் பதினேழு நிமிடம் போதும். குளிப்பதற்கு முன் போட்டு, பிறகு நிறுத்துங்கள். ஆனால் சிக்கனம் என்று எண்ணி அதை 40 பாகையிலே வைத்துவிடாதீர்கள். இளஞ்சூட்டில் தேங்கிய நீரில் நெஞ்சுநோய்க் கிருமிகள் வளரும். 60இலே சூடாக்கி, கலந்து குளிப்பதே முறை.

நான்காவது, உயிர்க்காப்பு. வாளிக்குள் இடும் மின்கோல் மலிவானதுதான்; ஆனால் அது எரியும்போது நீரில் விரல் வைத்துச் சூடு பார்ப்பவர் உயிரைப் பணயம் வைக்கின்றார். சுவிச்சை நிறுத்தி, செருகியைக் கழற்றிய பிறகே நீரைத் தொட வேண்டும். ஏர்த் கம்பியில்லாத ஹீற்றர் வேண்டவே வேண்டாம். ட்ரிப் சுவிச்சிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

வெளிநாட்டாரிடமும் கற்க உண்டு. இஸ்ரவேல் நாட்டிலே 1980இல் புதிய வீடுகளுக்குச் சூரிய வெப்ப நீர்த்தாங்கியைச் சட்டமாக்கினார்கள். வெயில் நமக்கும் குறைவில்லை. நம் தொடர்மாடிகளின் கூரை ஒருவருக்கு உரியதன்று, எல்லாருக்கும் பொது. குடியிருப்போர் கூடிப் பேசினால், தமிழரும் முஸ்லிம்களுமாய் ஒரு கூரையின் வெயிலைப் பங்கிட்டுக்கொள்ளலாம். இலண்டனில் மாடிக் குடியிருப்புகளில் வாழும் நம் உறவினர் சுடுநீர்த் தாங்கிக்குத் தடித்த உறை போர்த்துகின்றார்கள். மனிதனைப் போலத் தாங்கிக்கும் சட்டை வேண்டும் என்பது அவர்கள் கண்ட பாடம்.

மாலை ஆறரை மணி தொடக்கம் இரவு பத்தரை வரை நாட்டிலே மின்சாரத் தேவை உச்சமாக இருக்கும் நேரம். அந்நேரத்தில் ஹீற்றரைத் தவிர்த்தால் சாதாரண வீட்டின் பட்டியல் குறையாது. ஆயினும் விலைகூடிய எண்ணெயை எரிக்கும் தேவை நாட்டுக்குக் குறையும். அதுவும் நம் கடமையே.

இளைஞர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். இம்மாதம் ஆளுக்கொரு முதியவர் வீட்டுக்குப் போங்கள். மீற்றரைப் பாருங்கள், பட்டியலைப் படித்துச் சொல்லுங்கள், அவருடைய ஒரு வாளி வெந்நீருக்கு மாதம் எவ்வளவு என்று எழுதிக் கையில் கொடுங்கள். "இவ்வளவுதானா!" என்று அவர் முகம் மலரும்போது இந்தப் பேச்சின் பயன் உங்களுக்கு விளங்கும்.

எமது வீட்டில் இப்போது முதல் கேத்தல் அம்மம்மாவுக்குத்தான். அதை அடுப்பங்கரையிலிருந்து எடுத்துச் சென்று கலந்து கொடுப்பவர்கள், முன்பு பத்து நிமிடம் பாட்டுப் பாடிய அந்த இருவர்.