கடைத்தெருவும் பற்றுக் கணக்கும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

 

சற்று முன்னர் செயலாளர் அவர்கள் வாசித்த வரவு செலவு அறிக்கையைக் கேட்டீர்கள். பள்ளிவாசலுக்கு வக்ஃபு செய்யப்பட்ட கடைகளின் வாடகை வரவு குறைந்திருப்பதையும், சில கடைகள் ஆள் வராமல் பூட்டிக் கிடப்பதையும் அதில் கவனித்திருப்பீர்கள். முஅத்தினாரின் சம்பளமும், மக்தப் பிள்ளைகளுக்கான செலவும், ஹவுளுக்குத் தண்ணீர் ஏற்றும் மின்கட்டணமும் அந்த வாடகையிலிருந்துதான் நடைபெறுகின்றன. ஆகவே கடைத்தெருவின் நலிவு வியாபாரிகளின் வீட்டுக் கவலை மட்டுமன்று. அது இந்த மஹல்லாவின் கவலை. இதனைக் கருதியே இன்று இப்பொருள் குறித்துச் சில வார்த்தைகள் சொல்ல நாம் விழைகிறோம்.

நமது தஞ்சைத் தரணியில் கடைத்தெரு என்பது வயலோடு சேர்ந்து வளர்ந்த ஒன்று. மேட்டூர் அணை ஜூன் 12 ஆம் நாள் திறக்கப்படுமா என்ற கேள்வி உழவருக்கு எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் மளிகைக் கடைக்காரருக்கும் ஜவுளிக் கடைக்காரருக்கும். குறுவை நன்றாக விளைந்தால் தீபாவளி வியாபாரம். சம்பாவும் தாளடியும் வீடு வந்து சேர்ந்தால் தை, மாசியில் கல்யாண வியாபாரம். 2012 ஆம் ஆண்டிலும் 2024 ஆம் ஆண்டிலும் குறித்த நாளில் அணை திறக்கப்படாதபோது வாடியவை பயிர்கள் மட்டுமல்ல. தஞ்சை கீழவாசலும், கும்பகோணம் பெரிய கடைத்தெருவும், நம்மைப் போன்ற சிற்றூர்களின் கடைவீதிகளும் சேர்ந்தே வாடின.

நடவுக்கும் அறுப்புக்கும் இடையே உள்ள மாதங்களில் கையில் காசு இராது. ஆயினும் அடுப்பு எரிந்தாக வேண்டும். அந்த இடைவெளியைத் தாங்கி நின்றது கடைக்காரரின் பற்றுக் கணக்கு நோட்டு. அரிசி, பருப்பு, எண்ணெய், பிள்ளையின் பள்ளிச் சீருடை எல்லாம் அதில் பற்று எழுதப்பட்டன. நெல் அளந்த பணம் வந்ததும் கணக்குத் தீர்ந்தது. அதற்கு வட்டியில்லை, ஈட்டுப் பொருள் இல்லை, சாட்சிக் கையெழுத்தும் இல்லை. கொடுத்தவர் இந்துவாக இருந்தாலும் முஸ்லிமாக இருந்தாலும் வாங்கியவரின் முகமே பிணையாக இருந்தது. அழகிய கடன் என்று மார்க்கம் போற்றும் ஒன்றின் சாயலை, அந்தப் பெயரைச் சொல்லாமலேயே நமது கடைவீதிகள் காலங்காலமாக நடைமுறையில் வைத்திருந்தன.

இக்கடைத்தெருக்கள் மாற்றங்களைக் காணாதவை அல்ல. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல் சென்ற காலத்தில், அக்கரையிலிருந்து வந்த கைலிகளும் அத்தர்களும் கோடாலித் தைலமும் நாகூரிலும் கூத்தாநல்லூரிலும் அதிராம்பட்டினத்திலும் விற்பனையாயின. 1985 இல் எம்.வி. சிதம்பரம் கப்பல் தீப்பற்றியதோடு அந்தக் கடல்வழிப் பயணம் முடிவுற்றது. 1991 க்குப் பின்னர் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்து, வெளிநாட்டுப் பொருள்கள் எங்கும் கிடைக்கத் தொடங்கியதும் அக்கடைகளின் தனிச்சிறப்பும் மங்கியது. ஆயினும் அவர்கள் வேறு சரக்கு வைத்தார்கள்; வியாபாரம் தொடர்ந்தது. அன்று மாறியது சரக்கு. இன்று மாறிக்கொண்டிருப்பதோ கடை என்னும் இடமே.

2007 இல் பெங்களூரில் ஃபிளிப்கார்ட் தொடங்கப்பட்டது. 2013 இல் அமேசான் நிறுவனம் இந்தியாவில் தன் விற்பனைத் தளத்தைத் திறந்தது. 2016 நவம்பரில் பணமதிப்பு நீக்கம் வந்தபோது ரொக்கத்தை நம்பியிருந்த சிறுகடைகள் திணறின. அடுத்த ஆண்டு ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்தது. 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தது. அவ்வாண்டு ரமளான் முழுவதும் ஜவுளிக் கடைகள் பெருநாள் வியாபாரத்தை இழந்து நின்றன. அந்த மாதங்களில் கைப்பேசியில் வாங்கப் பழகிய விரல்கள், கடைகள் திறந்த பின்னரும் அப்பழக்கத்தை விடவில்லை.

இது நம் நாட்டில் மட்டும் நிகழ்வதன்று. இங்கிலாந்தில் 1778 இல் தொடங்கப்பட்ட டெபன்ஹாம்ஸ் என்ற பெருங்கடையின் கிளைகள் யாவும் 2021 மே மாதத்துக்குள் மூடப்பட்டன. அதன் பெயரை மட்டும் ஓர் இணைய வணிக நிறுவனம் விலைக்கு வாங்கிக்கொண்டது. கடைகளும் வேண்டாம், கடைச் சிப்பந்திகளும் வேண்டாம் என்று விட்டுவிட்டது. பெருமூலதனம் படைத்த கடைக்கே இந்நிலை என்றால், பத்தடி அகலக் கடைக்காரர் என் செய்வார்?

இணையத்தில் விலை மலிவாக இருப்பதற்கு, இடைத்தரகர் குறைவு என்பது மட்டும் காரணமன்று. பல ஆண்டுகள் நட்டத்தைத் தாங்கிக்கொண்டு தள்ளுபடி கொடுக்கும் அளவுக்கு அங்கே மூலதனம் குவிந்துள்ளது. 2018 இல் அமெரிக்காவின் வால்மார்ட் நிறுவனம் ஏறத்தாழ 1600 கோடி டாலர் கொடுத்து ஃபிளிப்கார்ட்டின் பெரும்பங்கை வாங்கியது. அந்நிய முதலீடு பெற்ற நிறுவனம் பிறர் விற்பதற்குத் தளம் அமைத்துக் கொடுக்கலாமேயன்றித் தானே சரக்கு வைத்து விற்கலாகாது என்பது நமது நாட்டின் விதி. 2019 பிப்ரவரியிலிருந்து அது மேலும் இறுக்கப்பட்டது. குறிப்பிட்ட சில விற்பனையாளருக்கே சலுகை காட்டப்படுகிறது என்ற புகாரின் பேரில் 2020 ஜனவரியில் இந்தியப் போட்டி ஆணையம் இவ்விரு நிறுவனங்கள் மீதும் விசாரணைக்கு உத்தரவிட்டது. அரசாங்கமும் நீதிமன்றமும் செய்ய வேண்டியவற்றை அவை செய்யட்டும். நாம் செய்ய வேண்டியது என்ன என்பதே இங்கு நமது பேச்சு.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இணையத்தில் வாங்குவது ஹராம் என்று நாம் சொல்ல வரவில்லை. பொருள், விலை, அளவு, ஒப்படைக்கும் நாள் ஆகியவை தெளிவாக இருந்து, ஏமாற்றும் வட்டியும் இல்லாதிருந்தால் அதுவும் வியாபாரமே. வீட்டிலிருந்தபடியே துணி தைத்து விற்கும் விதவைத் தாய்மார்களுக்கு அது ஒரு வாசல். ஆண்டு விற்றுமுதல் 40 லட்ச ரூபாய்க்கு உட்பட்ட சிறு வியாபாரிகள், ஜிஎஸ்டி பதிவு இல்லாமலேயே மாநிலத்துக்குள் இணையத் தளங்கள் வழியே பொருள் விற்க 2023 அக்டோபர் முதல் வழி செய்யப்பட்டுள்ளது. இதனை நம் வாலிபர்கள் அறிந்து அவர்களுக்கு உதவ வேண்டும்.

அடுத்து, வணிகப் பெருமக்களே, வருந்தாமல் கேளுங்கள். வாடிக்கையாளர் உங்களை விட்டுப் போனதற்கு விலை மட்டும்தான் காரணமா? ஆள் முகம் பார்த்து விலை சொல்வதும், மேலே நல்ல சரக்கும் அடியில் பழைய சரக்கும் வைப்பதும் நம் கடைவீதியில் அறவே இல்லை என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியுமா? நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்து, உள்ளே ஈரம் இருக்கக் கண்டு, அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கடிந்துகொண்ட வரலாறு நீங்கள் அறியாததன்று. நம் இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபா நகரின் துணி வணிகர். குறையுள்ள துணியொன்றை அதன் குறையைச் சொல்லாமல் கூட்டாளி விற்றுவிட்டார் என்று அறிந்ததும், அந்தச் சரக்கின் தொகை முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள் என்று அவர்களது வரலாறு கூறுகிறது.

விற்ற பொருள் திரும்பப் பெற்றுக்கொள்ளப்பட மாட்டாது என்று கடைதோறும் பலகை தொங்குகிறது. ஆனால் நம் ஹனஃபீ சட்ட நூல்களில் ‘கியாருர் ருஃயா’ என்று ஒரு பாடமே உண்டு. பாராமல் வாங்கிய பொருளைப் பார்த்த பின், கொள்ளவோ தள்ளவோ வாங்கியவருக்கு உரிமை உண்டு என்பது அதன் சாரம். பார்த்து வாங்கியவரும் பின்னர் மனம் வருந்தித் திருப்பித் தந்தால், இரக்கத்தோடு பெற்றுக்கொள்வது பெரும் நன்மைக்குரியது என்று நபிமொழி ஊக்குவிக்கிறது. இணைய நிறுவனங்கள் வியாபார உத்தியாகக் கையாளும் ஒன்றை, நாம் மார்க்கமாகவே கையில் வைத்திருந்தும் மறந்துவிட்டோம்.

இனி, வாங்கும் ஜமாஅத்தார்களுக்கு. கடையில் இருபது சேலைகளை விரிக்கச் செய்து, அவற்றைக் கைப்பேசியில் படமெடுத்துச் சென்று, வீட்டில் அமர்ந்து அதையே இணையத்தில் வாங்குகிறோம். அந்தக் கடைக்காரரின் உழைப்புக்கு என்ன பதில்? இணையத்தில் வாங்கிய உடுப்பை ஒரு கல்யாணத்துக்கு உடுத்திவிட்டு, பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்புவதும் மோசடியே. எதிரே முகம் தெரியவில்லை என்பதால் அது ஆகுமானதாகிவிடாது.

இவை யாவற்றினும் நம்மை வருத்துவது வேறொன்று. ஊரார் கடையில் பற்று வைக்கிறோம். ஊர் பேர் தெரியாத நிறுவனத்துக்கு ரொக்கம் கட்டுகிறோம். மளிகைக் கடைக்காரரிடம் அடுத்த மாதம் என்று சொல்லிவிட்டு, கையில் வந்த பணத்தை விரல் நுனியில் அனுப்பிவிடுகிறோம். வசதியுள்ளவர் கடனைத் தாமதப்படுத்துவது அநீதம் என்பது நபிமொழி. அந்த அநீதம் நம் கடைவீதியில் அன்றாடம் நிகழ்கிறது. கொள்முதலுக்குக் கைமுதல் இல்லாத கடைக்காரர் தண்டல்காரரிடம் வட்டிக்கு வாங்குகிறார்; வட்டி ஏற ஏற ஒருநாள் கதவை அடைக்கிறார். கடை விழுந்ததற்கு இணையத்தைக் குறை கூறுகிறோம். அதன் அஸ்திவாரத்தில் நாம் பறித்த கற்களை மறந்துவிடுகிறோம்.

அவ்வாறு பற்றுக் கணக்கு மூடப்பட்டபின் அதன் இடத்தில் வந்து அமர்வது எது என்று பாருங்கள். இன்று வாங்குங்கள், பிறகு கட்டுங்கள் என்ற அழைப்பு வருகிறது. வட்டியில்லாத் தவணை என்ற பெயரில் வருவதிலும், பல வேளைகளில் வங்கியின் ஏட்டில் வட்டி எழுதப்பட்டு, அந்த அளவு விலையில் தள்ளுபடியாகக் காட்டப்படுகிறது. தவணை தவறினால் அபராதமும் வட்டியும் தொடர்கின்றன. பாட்டனார் வட்டியின்றி வாங்கிய அதே வீட்டில், பேரன் வட்டிக் கணக்கில் சோப்பும் செருப்பும் வாங்குகிறான். கடைத்தெரு அழிவதால் நமக்கு நேரும் பேரிழப்பு இதுவேயாகும்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்தபோது முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் தென்னைகள் சாய்ந்து, மின்கம்பங்கள் வீழ்ந்து, பல நாட்கள் ஊர்கள் இருளில் கிடந்தன. கைப்பேசிக்கு உயிரில்லை, சாலையில் வண்டியில்லை. அன்று மெழுகுவர்த்தியும் அரிசியும் தந்து, காசைப் பிறகு பார்ப்போம் என்றவர் தெருமுனைக் கடைக்காரர். எந்த வீட்டில் பால் வாங்குவது நின்றுவிட்டது, எந்த வீட்டில் மருந்துச் சீட்டு அதிகமாகிறது என்பதை அறிந்து பள்ளிவாசலுக்குச் சொல்பவரும் அவரே.

ஆகவே நாம் வேண்டிக்கொள்வது இவ்வளவே. வணிகர்கள் ஒரே விலை சொல்லுங்கள். குறையைச் சொல்லி விற்றுவிடுங்கள். ஒரு வாரத்துக்குள் திருப்பித் தந்தால் பெற்றுக்கொள்ளுங்கள். கைப்பேசியில் ஆர்டர் பெற்று வீட்டில் சேர்ப்பதற்கு உங்கள் பிள்ளைகளைப் பழக்குங்கள். ஜமாஅத்தார்கள் இந்த வாரமே தத்தம் பற்றுக் கணக்கைப் பார்த்து, இயன்றதைத் தீர்த்துவிடுங்கள்; இயலாதவர் நேரில் சென்று தவணை கேளுங்கள். நிர்வாகப் பெருமக்கள் பூட்டிக் கிடக்கும் கடைகளுக்கு முன்பணத்தைக் குறைத்துத் தொழில் தொடங்கும் வாலிபர்களுக்குக் கொடுப்பது பற்றியும், பைத்துல் மாலிலிருந்து சிறு வணிகர்களுக்கு வட்டியில்லாக் கடன் வழங்குவது பற்றியும் மஷூரா செய்யுங்கள்.

மதீனா வந்து சேர்ந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு அன்ஸாரித் தோழர் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தபோது, அவருக்குப் பரக்கத்தை வேண்டிவிட்டு, கடைவீதி எங்கே என்று மட்டும் கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்று முன்னேறினார்கள். நாளை ஒரு வாலிபர் நம் ஊருக்கு வந்து அதே கேள்வியைக் கேட்டால், காட்டுவதற்கு ஒரு கடைவீதி நம்மிடம் இருக்க வேண்டும்.

வல்ல ரஹ்மான் நம் வணிகத்தில் பரக்கத்தையும், நாவில் உண்மையையும், கொடுக்கல் வாங்கலில் நேர்மையையும் தந்தருள்வானாக! கடன்பட்டோரின் கடன்களைத் தீர்த்து வைப்பானாக! ஆமீன்.