ஒரு சொல், பல பொருள்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ச் சங்க மேடையில் ஆங்கிலச் சொற்களைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் வியக்கக்கூடும். தமிழகத்தை விட்டு வடபுலம் வந்து வாழும் நம்மவர் பலருக்குச் சோறு போடுவது ஆங்கிலமே. ஆதலின், பிள்ளைகளுக்கு ஆங்கிலம் நன்கு வரவேண்டுமானால் வீட்டில் தமிழைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்னும் எண்ணம் சில இல்லங்களில் நிலவுகின்றது. அவ்வெண்ணம் சரியன்று என்பதை அன்றாட ஆங்கிலச் சொற்களைக் கொண்டே காட்ட விழைகின்றேன்.

ஆங்கிலத்தில் மாணவரை மருட்டுவன நெடுஞ்சொற்கள் அல்ல, சின்னஞ்சிறு சொற்களே. 'போட்டோசிந்தெசிஸ்' என்னும் நீண்ட சொல்லுக்குப் பொருள் ஒன்றுதான். 'செட்' என்னும் குறுஞ்சொல்லுக்கோ, 1989இல் வெளிவந்த ஆக்ஸ்போர்டு ஆங்கிலப் பேரகராதியின் இரண்டாம் பதிப்பு 400க்கு மேற்பட்ட பொருள்களைத் தருகின்றது. இவற்றையெல்லாம் நெட்டுருச் செய்து மாளுமா?

மாளாது, அது வேண்டுவதும் அன்று. அதற்குரிய வழி தொல்காப்பியத்தில் இருக்கின்றது. பலபொருள் ஒருசொல்லைப் பற்றிக் கிளவியாக்கத்தில் கூறும் ஆசிரியர், வினை, இனம், சார்பு என்னும் மூன்றினால் அதன் பொருள் தெளிவாகும் என்கின்றார். 'மா பூத்தது' என்றால் மரம். 'மா ஓடிற்று' என்றால் விலங்கு. இது வினையால் தெளிவது. 'மாவும் பலாவும்' என்றால், உடன் நிற்கும் இனம் அது மரமென்று காட்டிவிடும். போர்க்கோலம் பூண்டவன் 'மா கொண்டு வா' என்றால், அவன் கேட்பது குதிரையை என்று சார்பு உணர்த்தும். அண்டை வீட்டாரின் இந்தியில் 'கல்' என்பது நேற்றையும் குறிக்கும், நாளையையும் குறிக்கும். வினைச்சொல்லைக் கேட்டு நம் குழந்தைகள் அதனைத் தடுமாறாமல் அறிந்துகொள்கின்றனர் அன்றோ?

இம்மூன்று கருவிகளையும் ஆங்கிலத்தில் செலுத்திப் பாருங்கள். 'மேட்ச்' எரிந்தது என்றால் தீக்குச்சி. 'மேட்ச்' தோற்றோம் என்றால் ஆட்டம். பந்தோடு சேர்ந்த 'பேட்' மட்டை. ஆந்தையோடு சேர்ந்த 'பேட்' வௌவால். அலுவலகத்தில் லீவு 'சாங்ஷன்' ஆயிற்று என்றால் வீட்டில் மகிழ்ச்சி. அதே சொல்லைப் பிற நாடுகள் ஒரு நாட்டின்மேல் விதித்தன என்று செய்தித்தாளில் படித்தால், அது பொருளாதாரத் தடை. ஒப்புதலும் தண்டனையும் ஒரே சொல்லில் அடங்கின. பிரித்துக் காட்டுவது சார்பே.

வேரையும் அறிந்தால் இன்பம் மிகும். நீரூற்று, வசந்தம், சுருள்வில் ஆகிய மூன்றும் 'ஸ்பிரிங்' எனப்படுகின்றன. துள்ளி எழுதல் என்பதே அவற்றின் அடிப்பொருள். நிலத்திலிருந்து நீர் துள்ளுகின்றது. கிளையிலிருந்து தளிர் துள்ளுகின்றது. அழுத்திய கம்பி துள்ளுகின்றது.

ஆங்கிலமே தாய்மொழியானவரும் இடறுவதுண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் அதிகாரிகள் ஓர் அறிக்கையை 'டேபிள்' செய்ய விரும்பினர். உடனே விவாதிக்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து. அமெரிக்கருக்கோ அச்சொல்லின் பொருள் ஒத்திப்போடுதல். இரு சாராரும் நெடுநேரம் கடுமையாக வாதிட்ட பின்னரே, தாங்கள் விரும்பியது ஒன்றே என உணர்ந்தனர் என்று சர்ச்சில் தம் போர் வரலாற்றில் எழுதியுள்ளார். ஆகவே, கடிதத்திலோ ஒப்பந்தத்திலோ ஒரு சொல் ஐயம் தருமாயின், எப்பொருளில் எழுதினீர் என்று கேட்டுவிடுவதே அறிவுடைமை.

பெற்றோர்களே! பிள்ளைகளுக்குச் சொற்பட்டியல் தராதீர்கள், வாக்கியங்களைத் தாருங்கள். 'படியில் உட்கார்ந்து பாடம் படி' என்று தாய் சொல்லும்போது எந்தத் தமிழ்க் குழந்தையும் திகைப்பதில்லை. சூழலை நோக்கிப் பொருள் கொள்ளும் அப்பழக்கமே ஆங்கிலத்திற்கும் வேண்டுவது. அதனை வீட்டுத் தமிழ் விலையின்றித் தருகின்றது. அதைக் குறைத்துவிடாதீர்கள்.