பின்சீட்டில் பாப்பா

கார் மோதி நின்றுவிட்டது. பின்சீட்டில் கைக்குழந்தை. பெற்ற மனசு என்ன செய்யும்? பாய்ந்து போய் வாரி எடுக்கும். அங்கேதான் நிதானம் வேண்டும். புகை, தீ, இன்னொரு வண்டி வந்து இடிக்கிற ஆபத்து இதெல்லாம் இல்லையென்றால், குழந்தையை அதன் இருக்கையிலேயே விட்டுவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். கழுத்தில் அடிபட்டிருந்தால் தூக்குவதே வினையாகிவிடும்.

வீறிட்டு அழுகிறதா? சரி, மூச்சு ஓடுகிறது. சத்தமில்லாமல் துவண்டு கிடந்தால்தான் கவலை. பிடித்து உலுக்காதீர்கள். யாராவது சர்க்கரைத் தண்ணீரோடு ஓடி வருவார்கள், வேண்டாம்.

காயமே தெரியாவிட்டாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அடுத்த ஓரிரு நாள் ஒரு கண் இருக்கட்டும். திரும்பத் திரும்ப வாந்தி, பால் குடிக்க மறுப்பு, எழுப்பினாலும் விழிக்காத தூக்கம், உச்சிக்குழி புடைப்பது, இதில் எது தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கென்றே தமிழ்நாட்டில் 2021 முதல் அரசுத் திட்டம் இருக்கிறது.

அப்புறம் அந்தக் குழந்தை இருக்கை. பலத்த மோதலைத் தாங்கியதை மறுபடி பயன்படுத்தக் கூடாது. வெளியே கீறல்கூட இருக்காது, உள்ளே விரிசல் விட்டிருக்கலாம். ‘நல்லாத்தானே இருக்கு’ என்று தங்கச்சி வீட்டுக்குக் கொடுத்துவிடாதீர்கள்!