மருந்தும் மக்கட்பேறும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



திருக்குறளில் மக்கட்பேறு 7ஆம் அதிகாரம். மருந்து 95ஆம் அதிகாரம். முன்னது அறத்துப்பாலிலும் பின்னது பொருட்பாலிலும் அமைந்தவை. இரண்டுக்கும் இடையிலே 87 அதிகாரங்கள் இருக்கின்றன. நூலிலே இவ்வளவு தூரத்தில் இருக்கும் இவ்விரண்டும் ஒரு வைத்தியரின் வீட்டிலே ஒரே கூரையின் கீழ், ஒரே நாளுக்குள், தமக்கு இடம் கேட்டு நிற்கின்றன. நோயாளியா, பிள்ளையா என்ற அந்த இழுபறியைப் பற்றி நமது எழுத்து என்ன சொல்லியிருக்கிறது, எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறது என்பதே இன்றைய எனது பேச்சின் பொருள்.

மாலை ஐந்து மணிக்குப் பின்னர் வெள்ளவத்தையிலே காலி வீதியாலும் அதன் ஒழுங்கைகளாலும் நடந்து பாருங்கள். டிஸ்பென்சரிகளின் வாசலிலே இலக்கம் எழுதிய துண்டுகளுடன் மக்கள் காத்திருப்பார்கள். தாயின் தோளிலே காய்ச்சலோடு ஒரு குழந்தை. வாங்கிலே இருமலோடு ஒரு முதியவர். நகரின் மறுகோடியிலே கொட்டாஞ்சேனையிலும் இதே காட்சிதான். உள்ளே இருக்கும் டொக்டர் பலவேளைகளில் காலையிலிருந்து மாலைவரை அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை செய்துவிட்டு வந்தவராக இருப்பார். கடமை நேரம் முடிந்தபின் தனியாக வைத்தியம் பார்க்க அரசாங்க வைத்தியர்களுக்கு நம் நாட்டிலே அனுமதி உண்டு. கடைசி இலக்கத்தைப் பார்த்து முடித்து அவர் வீடு சேரும்போது, மறுநாள் பாடசாலைக்குப் போகவேண்டிய பிள்ளை படுத்திருக்கும்.

இதைவிடத் தூரத்திலே இருக்கும் தந்தையரும் உளர். பிள்ளையின் படிப்புக்காகக் குடும்பம் கொழும்பிலே இருக்க, இடமாற்றப் பட்டியலிலே பெயர் வந்த காரணத்தால் வவுனியாவிலோ மட்டக்களப்பிலோ தனியே இருந்து கடமை பார்ப்பவர்கள் அவர்கள். 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் வெளிநாடு சென்ற வைத்தியர்களும் பலர். அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தந்தை என்பவர் கைத்தொலைபேசித் திரையிலே தோன்றும் ஒரு முகம்.

குற்றம் சாட்டுவதற்காக நான் இதைச் சொல்லவில்லை. டிஸ்பென்சரி வாசலிலே காத்திருப்பவர்களும் பிள்ளை பெற்றவர்களே. தன் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டுமென்று டொக்டர் ஆறு மணிக்கே எழுந்து போய்விட்டால், அந்தத் தாயின் தோளிலே கிடக்கும் குழந்தைக்கு யார் மருந்து கொடுப்பது? இரண்டு பக்கத்திலும் பிள்ளையே நிற்கிறது என்பதுதான் இந்தச் சிக்கலின் கூர்மை.

சில வருடங்களுக்கு முன்னர் ஏழாம் தர மாணவர்களுக்கு 'என் தந்தை' என்ற தலைப்பிலே கட்டுரை எழுதக் கொடுத்திருந்தேன். எல்லாப் பிள்ளைகளும் தந்தையின் பெயர், தொழில், உயரம், நற்குணங்கள் என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். டொக்டர் ஒருவரின் மகன் மட்டும் ஓசைகளை எழுதியிருந்தான். கேற் திறக்கும் ஓசை, செருப்பைக் கழற்றும் ஓசை, ஆறிய சோற்றைச் சூடாக்கும் மைக்ரோவேவின் ஓசை. அதன் பின் அப்பா அம்மாவிடம் கேட்கும் கேள்வி: “தம்பி படுத்திட்டானோ?” தான் படுத்திருப்பதாகவும் ஆனால் நித்திரை கொள்வதில்லை என்றும் எழுதிக் கட்டுரையை முடித்திருந்தான். அதிலே எழுத்துப் பிழைகள் இருந்தன. முறைப்பாடு ஒன்றுகூட இல்லை. அன்றுதான் இந்தக் கோணத்திலிருந்து நமது வைத்திய எழுத்தாளர்களை மீண்டும் எடுத்து வாசிக்க வேண்டுமென்று எனக்குத் தோன்றியது.

ஈழத்துத் தமிழிலக்கியத்திலே வைத்தியர்களின் பங்கு பெரிது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலே சமூக மருத்துவப் பேராசிரியராக விளங்கிய செ. சிவஞானசுந்தரத்தை நாம் 'நந்தி' என்ற பெயரால் அறிவோம். 1928 இல் பிறந்து 2005 இல் மறைந்த அவர் 'மலைக்கொழுந்து' நாவலிலே தேயிலைத் தோட்டத்து மக்களை எழுதினார். தோட்ட வைத்தியராகப் பணியாற்றிய தி. ஞானசேகரன் 'குருதிமலை'யைத் தந்தார். 2000ஆம் ஆண்டிலே 'ஞானம்' சஞ்சிகையையும் தொடங்கினார். வைத்தியர் எம். கே. முருகானந்தன் 'ஒரு டாக்டரின் டயறியில் இருந்து' என்ற தலைப்பிலே தம்மிடம் வந்த மனிதர்களைப் பற்றி எழுதினார். வைத்தியனின் கண் எழுத்தாளனின் கண்ணாகவும் அமையும்போது கிடைக்கக்கூடிய பயனை இவர்கள் நமக்குத் தந்திருக்கிறார்கள்.

பிள்ளை வளர்ப்பைப் பற்றியும் இவர்கள் எழுதியுள்ளார்கள். ஆனால் அந்த நூல்களின் தலைப்புகளைச் சற்றுக் கவனியுங்கள். நந்தியின் நூல்கள் 'அருமைத் தங்கைக்கு', 'நந்தினி உன் குழந்தை'. முருகானந்தனின் நூல் 'தாயாகப் போகும் உங்களுக்கு'. தலைப்புகளே உறவுமுறை சொல்லி அழைக்கின்றன. டொக்டர் அண்ணனாக நின்று தங்கைக்குச் சொல்கிறார், தாய் கேட்கிறாள். அந்தக் காலத்தின் தேவை அது. தாய்க்கு அறிவூட்டினால் பிள்ளை பிழைக்கும் என்பது சமூக மருத்துவத்தின் அனுபவ உண்மை. ஆயினும் தலைப்புகளின் அழைப்பிலே தந்தை சேர்ந்துகொள்ளவில்லை. 'தந்தையாகப் போகும் உங்களுக்கு' என்றொரு நூலும் நமக்கு வேண்டும். அதை ஒரு டொக்டர், தமது வீட்டையே பொருளாக வைத்து எழுதினால் எப்படி இருக்கும்?

அப்படி எழுதிய இருவர் புலம்பெயர்ந்த உலகிலே இருக்கிறார்கள். ஒருவர் ஏபிரகாம் வர்கீஸ். கேரளத்தைப் பூர்வீகமாகக் கொண்ட பெற்றோருக்கு 1955 இல் எதியோப்பியாவிலே பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிலே பட்டம் பெற்றவர். 1985 இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலே ஜோன்சன் சிட்டி என்ற சிறு நகருக்குத் தொற்றுநோய் வைத்தியராகச் சென்றார். எயிட்ஸ் நோய்க்குத் தக்க மருந்து கிடைக்காத காலம் அது. செய்யக்கூடியது குறைவாக இருந்ததால், நோயாளியின் பக்கத்திலே இருப்பதே வைத்தியமாயிற்று. அந்த வருடங்களைப் பற்றி 1994 இல் வெளியிட்ட 'மை ஓன் கன்ட்ரி' என்ற நூலிலே, தம் நோயாளிகளோடு தமது வீட்டையும் அவர் எழுதுகிறார். சிறு பிள்ளைகளின் தந்தையாகத் தாம் இருந்ததையும், பிறருடைய படுக்கையருகே அமர்ந்த நேரமெல்லாம் தம் குடும்பத்திடமிருந்து எடுத்த நேரம் என்பதையும் மறைக்கவில்லை.

2009 இல் வந்த அவருடைய நாவல் 'கட்டிங் ஃபோர் ஸ்டோன்'. அடிஸ் அபாபாவிலே ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. பிரசவத்திலே தாய் இறந்துவிட, இரட்டைப் பிள்ளைகளின் தந்தையான சத்திரசிகிச்சை நிபுணர் தோமஸ் ஸ்டோன் அன்றே ஓடிவிடுகிறார். அந்தப் பிள்ளைகளை வளர்ப்பவர்கள் அதே ஆஸ்பத்திரியின் வைத்தியர்களான ஹேமாவும் கோஷும். ஹேமா சென்னையிலிருந்து சென்றவள். பெற்ற தந்தை, வளர்த்த தந்தை என்று இரு தந்தையரை நாவலாசிரியர் நம் முன்னே நிறுத்துகிறார். இருவரும் வைத்தியரே, இருவருக்கும் வேலை ஓயாதது. கோஷ் என்ன செய்கிறார்? தம் தொழிலையும் பிள்ளையையும் வேறு வேறாக்கி வைக்கவில்லை. சிறுவன் மரியனுக்கு நாடியைத் தொட்டு உணரக் கற்றுக்கொடுக்கிறார். தாம் எதிலே ஆழ்ந்திருக்கிறாரோ அதற்குள் பிள்ளையையும் அழைத்துக்கொள்கிறார். இரத்த உறவு செய்யாததை அந்த அழைப்புச் செய்துவிடுகிறது.

மற்றவர் போல் கலாநிதி. 'கலாநிதி' என்பது நமது நாட்டிலே பல்கலைக்கழகம் தரும் பட்டம். அவருக்கோ அது பெயர். தென்னிந்தியாவிலிருந்து அமெரிக்கா சென்ற பெற்றோருக்கு 1977 இல் பிறந்தவர். அவருக்குப் பத்து வயதானபோது, இருதய நிபுணரான தந்தை குடும்பத்தை அரிசோனா மாநிலத்தின் கிங்மன் என்ற பாலைவன ஊருக்கு அழைத்து வந்தார். விடியுமுன் போய் இருட்டியபின் திரும்பி, சூடாக்கிய உணவை உண்ணும் தந்தையைப் பற்றி அவர் எழுதும் இடத்தை வாசித்தபோது எனக்கு வெள்ளவத்தைப் பையனின் கட்டுரைதான் நினைவுக்கு வந்தது. வைத்தியம் என்பதைத் தாம் முதலில் அறிந்தது தந்தை வீட்டில் இல்லாமையின் மூலமே என்கிறார் கலாநிதி. கிடைத்த சொற்ப நேரத்திலே தந்தை முழு அன்பையும் கொட்டினார் என்பதையும் நியாயமாகச் சொல்கிறார். தாயோ பிள்ளையின் கையிலே புத்தகங்களைக் கொடுத்தாள். பிள்ளை இலக்கியம் படித்தான். டொக்டராக வருவதில்லை என்றிருந்தவன், மனித வாழ்வின் பொருளைத் தேடிய வழியிலே மூளைச் சத்திரசிகிச்சைக்கே வந்து சேர்ந்தான்.

பயிற்சி முடியும் தறுவாயில், 2013 இலே, அவருக்கு நுரையீரற் புற்றுநோய் முற்றிய நிலையிலே இருப்பது தெரியவந்தது. அந்த நிலையிலும் மனைவியும் அவரும் பிள்ளை பெறத் தீர்மானித்தனர். 2014 ஜூலை 4 இல் மகள் பிறந்தாள். 2015 மார்ச் 9 இல் தமது 37ஆம் வயதிலே அவர் காலமானார். 2016 இல் வெளிவந்த 'வென் ப்ரெத் பிகம்ஸ் எயர்' என்ற நூலுக்கு முன்னுரை எழுதியவர் நாம் மேலே பார்த்த வர்கீஸ். தாம் எழுதிய பகுதியைக் கலாநிதி முடிப்பது எட்டு மாதமும் நிறையாத அந்தக் குழந்தையை நோக்கிய வார்த்தைகளால். தந்தை வீட்டில் இல்லாமையோடு வளர்ந்த மகன், தானே இல்லாமற் போகும் தந்தையாகி, தன் பிள்ளைக்கு எழுத்திலே இருந்துகொள்கிறான். அந்தக் கடைசிப் பகுதியை வகுப்பிலே வாசித்துக் காட்டுவதற்கு இன்னும் எனக்குத் தைரியம் வரவில்லை.

நமது பழந்தமிழுக்கு வருவோம். பிள்ளையைச் சான்றோன் ஆக்குவது தந்தையின் கடன் என்று புறநானூற்றின் 312ஆம் பாடலிலே பொன்முடியார் வரையறுத்தார். கொழும்பிலே நாம் அந்தச் சொல்லுக்குப் புதிய உரை எழுதிவிட்டோம். உயர்தரத்திலே உயிரியல் பிரிவு, மருத்துவ பீடம், அதற்கான ரியூசன் காசு; சான்றோன் ஆக்குதல் இவற்றோடு முடிகிறது. டொக்டரின் மகனுக்கு இந்தச் சுமை இரட்டிப்பு. தந்தையின் முகத்தை அதிகம் கண்டிராத பிள்ளை, தந்தையின் தொழிலை மட்டும் சுதந்தரித்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறான்.

பொன்முடியாரின் பாடல் கடனைச் சொல்கிறது. அந்தக் கடனை எங்கிருந்து தொடங்குவது என்பதை 188ஆம் பாடலிலே காணலாம். பாடியவன் பாண்டியன் அறிவுடை நம்பி. வரி வாங்கும் முறை பற்றிப் பிசிராந்தையார் அறிவுரை சொன்ன அதே மன்னன். ஆட்சிச் சுமை உள்ள ஒருவன், சிறு குழந்தை தத்தி நடந்து வந்து, கை நீட்டி, நெய்ச் சோற்றைப் பிசைந்து, உடம்பெல்லாம் பூசிக்கொள்வதை அசைவு அசைவாகக் கண்டு சொல்கிறான். அரசன் அந்த இடத்திலே அவசரப்படவில்லை. குழந்தையைத் திருத்தவும் இல்லை. பார்த்துக்கொண்டிருக்கிறான்.

நேயர்களே, இந்தப் பார்வையே டொக்டர்மாரின் தொழிற் பயிற்சி அல்லவா? நோயாளி உள்ளே வரும் நடையைப் பார்க்கிறார்கள். “என்ன செய்யுது? எத்தனை நாளாய்?” என்று கேட்கிறார்கள். பதில் வரும்வரை காத்திருக்கிறார்கள். பிறகே தொட்டுப் பார்க்கிறார்கள். பார்த்ததைக் குறித்து வைக்கிறார்கள். ஒரு பிள்ளை தந்தையிடம் எதிர்பார்ப்பதும் இதுதான். இருபது மணித்தியாலம் அதற்கு வேண்டியதில்லை. முன்பின் அறியாத நோயாளிக்குக் கொடுக்கும் அந்த ஐந்து நிமிடக் கவனத்தை வீட்டு வாசலிலே செருப்போடு கழற்றி வைத்துவிடாமல் உள்ளே கொண்டுபோனாற் போதும். பிள்ளை பிறந்ததும் தரப்படும் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டிலே நிறையும் தடுப்பூசியும் குறிக்கப்படுகின்றன. அவன் கேட்ட முதற் கேள்வி, அவன் பயந்த முதல் இருட்டு, இவற்றைக் குறிக்க அங்கே கட்டமில்லை. அதைத் தந்தைதான் வேறொரு கொப்பியிலே எழுதவேண்டும். அப்படி எழுதப்படும் கொப்பிகளிலிருந்து நமது இலக்கியத்துக்கும் ஒரு நல்ல நூல் கிடைக்கலாம்.

நமக்கும் இதிலே பங்குண்டு. ஒரு டொக்டர் இரவிலே கதவைத் திறக்காவிட்டால் மனிதாபிமானம் இல்லாதவர் என்கிறோம். உயிருக்கு ஆபத்தென்றால் எந்நேரமும் தட்டத்தான் வேண்டும். காலைவரை பொறுக்கக்கூடிய தடிமனுக்காக இரவு பத்து மணிக்கு அவருடைய கேற்றைத் தட்டுமுன், அல்லது தொலைபேசியை எடுக்குமுன், ஒரு கணம் யோசிப்போம். நாம் கேட்கும் அந்த நேரம் டொக்டருடையது மட்டுமல்ல. உள்ளே படுத்திருக்கும் ஒரு பிள்ளையின் பங்கும் அதிலே இருக்கிறது.