செய்யறிவுப் பொறிக்கும் செட்டு வேண்டும்

(திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தமிழ்ப்பற்றாளர் கூடிய அவையில் கணிப்பொறிச் சில்லைப் பற்றிய பேச்சு எதற்கென்று சிலர் வினவக்கூடும். உரையின் முடிவில் விடை கிடைக்கும்.

மாந்தனின் மூளை ஏறத்தாழ 20 வாட்டு ஆற்றலால் இயங்குகின்றது. செய்யறிவுப் பணிக்கென என்விடியா நிறுவனத்தார் 2022-ஆம் ஆண்டு அறிவித்த எச்100 என்னும் சில்லோ 700 வாட்டு வரை விழுங்கும். அத்தகைய சில்லுகளை ஆயிரக்கணக்கில் அடுக்கிய கூடங்களிலேதான் செய்யறிவு உருவாகின்றது. இத்துணை மின்னாற்றல் எங்குச் செலவாகின்றது? கணக்கிடுவதில் என்றே பலரும் எண்ணுவர். அன்று! எண்களைச் சுமந்து திரிவதிலேயே பெரும்பகுதி கரைகின்றது.

சுடான்போர்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க்கு ஓரோவிட்சு 2014-இல் இதற்கோர் அளவுகோல் தந்தார். 45 நானோமீட்டர் நுட்பச் சில்லில், 32 இருமக்குறி கொண்ட இரு முழுவெண்களைக் கூட்ட ஏறத்தாழ 0.1 பிக்கோசூல் ஆற்றல் போதும். அத்தகைய ஓரெண்ணைப் புறநினைவகத்தினின்று எடுத்துவர 640 பிக்கோசூல் வேண்டும். 6,400 மடங்கு! உரல் நம் முற்றத்திலும் நெற்குதிர் அடுத்த ஊரிலும் இருப்பின், குத்தும் உழைப்பினும் நடக்கும் உழைப்பே மிகுமன்றோ?

இதற்குப் பொறியாளர் கண்ட வழிகள் மூன்று. குதிரை உரலருகே கொணர்வதுபோல் நினைவகத்தைச் சில்லினுள்ளேயே அமைத்தல் ஒன்று. எடுத்த எண்ணை உடனே திருப்பி வைக்காமல், வரிசையில் நிற்போர் குடத்தைக் கைமாற்றுவதுபோல் ஒரு கணக்குறுப்பினின்று அடுத்ததற்கு நகர்த்துதல் மற்றொன்று. கூங்கும் இலீசர்சனும் 1978-இல் வகுத்த முறை இது. எண்ணின் அளவையே சுருக்குதல் மூன்றாவது. செய்யறிவுக்குப் பலவிடத்தும் 32 இருமக்குறி வேண்டுவதில்லை, 8 போதும்.

இம்மூன்றையும் இணைத்தே கூகுள் நிறுவனத்தார் 2015-இல் டி.பி.யூ. என்னும் சில்லைப் பணியில் அமர்த்தினர். அதில் 65,536 பெருக்கல் உறுப்புகள் உள. அக்காலப் பிற சில்லுகளினும் அது வாட்டு ஒன்றுக்கு 30 முதல் 80 மடங்கு வரை மிகுதியாகக் கணக்கிட்டதென 2017-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுரை கூறுகின்றது.

இனித் தமிழுக்கு வருவோம். மொழிப்பொறி, எழுத்துகளைத் துண்டுகளாக்கியே படிக்கும், எழுதும். ஒவ்வொரு துண்டை எழுதவும் தன் எண்குவியலை நினைவகத்தினின்று மீண்டும் இழுக்கும். 'தமிழ்' என்னும் மூவெழுத்துச் சொல்லுக்கு யூ.டி.எப்-8 குறிமுறையில் 15 பைட்டு. அச்சொல்லையே ஆங்கில எழுத்தில் எழுதின் 5 பைட்டு. ஆங்கில நூற்பெருக்கைக் கொண்டு அமைந்த பொறிகள் பல, தமிழைச் சிறுசிறு துண்டுகளாகச் சிதைக்கின்றன. அதனால் ஒரே கருத்தைத் தமிழிற் சொல்ல மிகுதியான மின்னாற்றல் செலவாகின்றது. சில்லில் ஈட்டிய செட்டு, தமிழன் வாய்திறந்ததும் பாழாகின்றது!

இக்குறை தமிழின் குறையன்று. தமிழறியாதார் வெட்டிய வெட்டின் குறை. பகுதி, விகுதி, இடைநிலையெனச் சொல்லைப் பகுக்கும் இலக்கணம் நம்மிடம் உண்டு. அவ்வழியே துண்டாக்கினால் எத்துணை மின்னாற்றல் மிஞ்சுமென நம் இளைஞரே அளந்து காட்டல் வேண்டும். சில்லமைக்கும் கலையையும் தமிழிலேயே கற்றல் வேண்டும். மேடையில் மொழிகாப்பதோடு நில்லாது பொறியினுள்ளும் காப்போம்!

வாழ்க தமிழ்!