நாலாயிரம் மணி நேரக் கணக்கு

(நாக்பூர் கிளையின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்மில் பலர் ரிடையர் ஆனபின் யூடியூபில் சேனல் ஆரம்பித்திருக்கிறோம். ஸ்லோகமோ சமையலோ, எதுவானாலும் ஒரு நாள் "இதில் பணம் வருமா?" என்ற கேள்வி எழும். எனக்கும் எழுந்தது. அப்போது நான் போட்ட தப்புக் கணக்கைச் சொல்கிறேன், யாருக்காவது உபயோகப்படும்.

விளம்பர வருமானத்தில் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். அத்துடன், கடந்த 12 மாதங்களில் நம் வீடியோக்களை மொத்தம் 4,000 மணி நேரம் பிறர் பார்த்திருக்க வேண்டும். 2018 முதல் இதுதான் விதி. குட்டி வீடியோக்களான ஷார்ட்ஸுக்கு 90 நாளில் ஒரு கோடி பார்வை என்று மாற்று வழி உண்டு. அது நமக்கு எட்டாக்கனி.

நான் பி.எஸ்ஸி. பௌதிகம். பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தமிழில் 20 நிமிஷப் பாடங்கள் 60 போடுவது என்று திட்டம். ஒவ்வொன்றையும் 200 பேர் பார்த்தால் 60 x 20 x 200 = 2,40,000 நிமிஷம். அதாவது, மிகச் சரியாக 4,000 மணி நேரம்! உடனே பாங்க் டெபாசிட்டை முறித்து காமிராவும் லைட்டும் வாங்கக் கிளம்பினேன். என் சகதர்மிணி, "அது என் முழங்கால் ஆபரேஷனுக்கு வைத்த பணம். முதலில் செல்போனிலேயே எடுங்கோ" என்றாள்.

வருஷம் முடிந்தது. பாடங்கள் 60, பார்வை சராசரி 200. இரண்டும் என் கணக்குப்படியே. சேர்ந்த நேரமோ 800 மணி! யூடியூப் ஸ்டூடியோவில் பார்த்தபோதுதான் புரிந்தது. ஒருவர் சராசரியாகப் பார்ப்பது 4 நிமிஷம்தான். வீடியோவின் நீளத்தால் பெருக்கியது என் பிழை. பார்க்கும் சராசரி நேரத்தால் பெருக்கியிருக்க வேண்டும். 4 நிமிஷ சராசரிக்கு 60,000 பார்வைகள், அதாவது தினம் சுமார் 165 தேவை.

இன்னொன்று. 12 மாதம் தாண்டிய மணிகள் நம்மைப் போலவே ரிடையர் ஆகிவிடும். அழித்த வீடியோ, பிரைவேட் வீடியோ இவற்றின் நேரமும், ஷார்ட்ஸ் வரிசையில் பார்த்த நேரமும் இந்தக் கணக்கில் சேராது.

"பணம் கட்டினால் மீதி மணியை நிரப்பித் தருகிறோம்" என்று ஒருவர் போன் செய்தார். அது யூடியூப் விதிகளுக்கு விரோதம், சேனலே பறிபோகலாம். சர்வீஸ் முழுவதும் மஸ்டர் ரோலில் பொய்ப்பெயர் ஏற்றாதவன், இப்போதா ஏற்றுவேன்?

ஆகவே, முதலில் கையில் இருப்பதைக் கொண்டு பத்து வீடியோ போடுங்கள். சராசரி நேரத்தைக் குறித்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். அதன்பின் செலவைப் பற்றி யோசியுங்கள்.

எங்கள் டெபாசிட் முழுசாக இருந்ததால் தை மாதம் ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. இன்று அவள் தானே நடந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். பாடங்களும் செல்போனிலேயே தொடர்கின்றன.